முடிந்த போர் தெரியாத ஊர்: ‘ஆர்க்கேஞ்சல்’ படம் பற்றிய நிகழ்வு ஆய்வு

1990-இல் கனடாவின் வினிபெக் நகரத்திலிருந்து ஒரு கருப்பு வெள்ளைப் படம் வந்தது. பெயர் ‘ஆர்க்கேஞ்சல்’. இயக்கியவர் கய் மாடின். அவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவர் ஜார்ஜ் டோல்ஸ். எந்த விவரமும் சொல்லாமல் போட்டுக் காட்டினால், 1929 வாக்கில் எடுத்த படம் ஏதோ ஒரு கிடங்கில் இத்தனை வருஷம் கிடந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று நம்பிவிடலாம். மங்கிய ஒளி, வசனத்தை எழுதிக் காட்டும் அட்டைகள், இடையிடையே திடீரென்று வரும் பேச்சு, உதட்டசைவோடு ஒட்டாத குரல், பின்னணியில் ஓயாத கரகரப்பு என்று எல்லாமே பழைய படத்தின் அடையாளங்கள்.

பழைய பாணியில் படம் எடுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. பெரும்பாலும் அது ஒரு வேஷத்தோடு நின்றுவிடும். கதையைத் தனியாக எழுதி, அதன்மேல் பழைய தோற்றத்தைப் பூசியிருப்பார்கள். பூச்சைச் சுரண்டி எடுத்தால் கதைக்கு எந்தச் சேதமும் வராது. ‘ஆர்க்கேஞ்சல்’ படத்தில் அப்படிச் சுரண்ட முடியவில்லை. இதில் வரும் மனிதர்களுக்கு இருக்கும் நோய் மறதி. படம் எடுத்த பாணிக்கும் அதே நோய். போர்க்காலக் கதைக்குப் பழைய சினிமாவின் மொழியைக் கையில் எடுக்க நினைக்கும் எவருக்கும் இந்த ஒட்டுறவு எப்படிக் கூடி வந்தது என்பது தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கதை

முதல் உலகப் போர் முடிந்த பிறகு, ரஷ்யாவின் வட கோடியில் இருக்கும் ஆர்க்கேஞ்சல் துறைமுகத்துக்கு லெப்டினன்ட் ஜான் போல்ஸ் என்ற கனடிய வீரன் வந்து சேர்கிறான். ஒரு கால் இல்லை, கட்டைக்கால். ஐரிஸ் என்ற காதலியை இழந்தவன். அவளுடைய அஸ்திக் கலசமும் வரும் வழியிலேயே கப்பலிலிருந்து கடலுக்குப் போய்விடுகிறது. ஊரில் அவன் வெரோங்கா என்ற பெண்ணைப் பார்க்கிறான். இவள்தான் ஐரிஸ் என்று முடிவு கட்டிவிடுகிறான். வெரோங்காவின் கணவன் ஃபில்பின் ஒரு பெல்ஜிய விமானி. தனக்குக் கல்யாணம் ஆனதே அவனுக்கு மறந்து போகிறது. போகப்போக வெரோங்காவும் நினைவு தடுமாறுகிறாள். போல்ஸ் தங்கியிருக்கும் வீட்டுப் பெண் டான்சுக் அவன்மேல் ஆசைப்படுகிறாள். அவனுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

இவர்கள் எல்லோரையும் சுற்றி ஒரு போர் நடந்துகொண்டே இருக்கிறது. உலகப் போர் முடிந்துவிட்டது என்பதை இந்த ஊருக்கு யாரும் வந்து சொல்லவில்லை. ஜெர்மானியர்களோடும், ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த புரட்சிக்காரர்களான போல்ஷவிக்குகளோடும் ஒரே சமயத்தில் சண்டை போடுகிறார்கள். பதுங்குகுழிக்குள் முயல்கள் மழையாக வந்து விழுகின்றன. டான்சுக்கின் கணவன் ஜானிங்ஸ் ஒரு கோழை. வயிறு கிழிந்து கிடக்கும் நேரத்தில் தன் குடலையே கயிறாக்கி எதிரியின் கழுத்தை நெரிக்கிறான். அபத்தம்தான். ஆனால் நடிகர்கள் துளிகூடக் கண் சிமிட்டாமல், மௌனப் படக் காலத்து முழு உருக்கத்தோடு நடிக்கிறார்கள். அந்த உருக்கம்தான் படத்தைக் காப்பாற்றுகிறது.

உண்மையில் நடந்தது

போர் முடிந்தது தெரியாமல் சண்டை போடும் ஊர் என்பதை முதலில் கேட்கும்போது வெறும் கற்பனை என்றுதான் தோன்றும். வரலாற்றைப் புரட்டினால், படம் கொஞ்சம்தான் மிகைப்படுத்தியிருக்கிறது என்று தெரிகிறது.

1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையின் வழியாக ரஷ்யா உலகப் போரிலிருந்து விலகியது. அதுவரை பிரிட்டன், பிரான்ஸ் முதலான நேச நாடுகள் ரஷ்யாவுக்கு அனுப்பிய போர்த் தளவாடங்கள் ஆர்க்கேஞ்சல் துறைமுகத்தில் குவிந்து கிடந்தன. அவை ஜெர்மனியின் கைக்குப் போகக் கூடாது, முடிந்தால் கிழக்கு முனையில் போரை மறுபடி தொடங்க வேண்டும், போல்ஷவிக் எதிர்ப்பாளர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. 1918 ஆகஸ்ட் 2 அன்று நேச நாட்டுப் படை அங்கே இறங்கியது. பிரிட்டிஷ் தலைமை, பிரெஞ்சு வீரர்கள், மிச்சிகன் மாநிலத்து ஆட்கள் நிறைந்த 339-ஆவது காலாட்படைப் பிரிவு உட்பட ஏறக்குறைய 5,000 அமெரிக்கர்கள் இருந்தார்கள். கனடாவிலிருந்து பீரங்கிப் படையின் 16-ஆவது பிரிகேட் போனது. அதில் ஏறக்குறைய 500 பேர்.

அப்புறம் நவம்பர் 11 வந்தது. மேற்கு முனையில் காலை 11 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அதே நாளில், வடக்கு துவினா ஆற்றங்கரையில் துல்காஸ் என்ற கிராமத்தில் இருந்த நேச நாட்டு நிலையைப் போல்ஷவிக் படை தாக்கியது. பின்பக்கமாகக் காட்டு வழியே வந்தவர்கள் நேராகக் கனடியர்களின் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். பீரங்கிகளின் வாய் வேறு திசையில் இருந்தது. குதிரை வண்டி ஓட்டுபவர்களும் தகவல் தொடர்பு வீரர்களும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து தடுத்து நிறுத்த, அந்த இடைவெளியில் பீரங்கிகளைத் திருப்பி மிக அருகிலிருந்தே சுட்டார்கள். சண்டை நான்கு நாள் நீடித்தது. ஐரோப்பாவின் நகரங்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடிய நேரத்தில் இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

போர் நிறுத்தச் செய்தி ஆர்க்கேஞ்சலுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அங்கிருந்த வீரர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடந்தார்கள். டிசம்பர் பிற்பகுதியில் அந்த ஊரில் பகல் என்பது நான்கு மணி நேரம்கூட இருக்காது. ஜெர்மனியோடு போர் முடிந்துவிட்டதே, நாம் யாரோடு, எதற்காகச் சண்டை போடுகிறோம் என்ற கேள்விக்கு மேலதிகாரிகளிடம் நேரான பதில் இல்லை. பல நாட்டு வீரர்களிடையிலும் கீழ்ப்படிய மறுக்கும் நிலை வந்தது. அமெரிக்கர்களும் கனடியர்களும் 1919 கோடையில்தான் கிளம்பினார்கள். பிரிட்டிஷ் படை அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வெளியேறியது. 1920 பிப்ரவரியில் போல்ஷவிக்குகளின் செம்படை ஊரைப் பிடித்தது.

இந்தக் கேள்வியைப் படம் அரசியலாகப் பேசவே இல்லை. யாரோடு போர் என்பது அங்கே நினைவுக் குறைவாக மாறிவிடுகிறது. போல்ஸ் யாரைக் காதலிக்கிறோம் என்று தெரியாமல் காதலிக்கிறான். ஊர் யாரை எதிர்க்கிறோம் என்று தெரியாமல் எதிர்க்கிறது. துல்காஸின் பீரங்கி வீரர்களைப் பற்றிப் படித்த பிறகு மறுபடி பார்த்தால், இந்தக் குழப்பம் ஒரு விளையாட்டாகத் தெரியாது.

எந்தப் பழைய பாணி?

பழைய சினிமா என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மாடின் எடுத்துக்கொண்டது அதில் ஒரு குறுகிய காலத்தை. 1927 அக்டோபரில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளியானதற்கும், பேசும் படம் முழுசாக நிலைபெற்றதற்கும் நடுவில் ஓரிரண்டு ஆண்டுகள் உண்டு. அப்போது படங்கள் பாதி பேசின, பாதி மௌனமாக இருந்தன. மௌனப் படமாக எடுத்து முடித்ததில் கடைசி நேரத்தில் பேச்சுக் காட்சிகளைச் சேர்த்தார்கள். ஒரு காட்சியில் வசனம் அட்டையில் வரும், அடுத்த காட்சியில் அதே ஆள் வாய் திறந்து பேசுவார், அதற்கடுத்து மறுபடி அட்டை.

பேச்சு வந்ததும் படம் அழகியலில் ஒரு படி இறங்கியது. கேமராவின் சத்தம் ஒலிவாங்கியில் விழக் கூடாது என்று கேமராவை ஒரு பெட்டி அறைக்குள் அடைத்தார்கள். அதுவரை ஓடிப் பறந்த கேமரா அசையாமல் நின்றது. நடிகர்கள் மறைத்து வைத்த ஒலிவாங்கியை விட்டு நகர முடியாமல் நின்ற இடத்திலேயே பேசினார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக வளர்த்த காட்சிமொழியைச் சினிமா கொஞ்ச காலம் மறந்து போனது என்றே சொல்லலாம். தமிழுக்கும் இந்தத் தடுமாற்றம் தெரியாததல்ல: 1931-இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்தன. அந்தப் படத்தின் பிரதி இன்று நம்மிடம் இல்லை.

ஆக, மறதி பிடித்த மனிதர்களின் கதையைச் சொல்ல, சினிமாவே தன்னை மறந்து நின்ற காலத்தின் வடிவத்தை எடுத்திருக்கிறார்கள். ஃபில்பின் தன் கல்யாணத்தை மறந்துவிட்டு நிற்கும்போது, படமும் தனக்குப் பேச வரும் என்பதை மறந்து அட்டைக்குத் திரும்புகிறது. முழு மௌனப் படமாகவோ முழுப் பேசும் படமாகவோ எடுத்திருந்தால் இந்தப் பொருத்தம் கிடைத்திருக்காது.

கதாபாத்திரப் பெயர்களையும் கவனிக்க வேண்டும். ஜான் போல்ஸ் என்ற பெயரில் நிஜமாகவே ஒரு ஹாலிவுட் நடிகர் இருந்தார். நன்றாகப் பாடுவார் என்பதால் பேசும் படம் வந்ததும் ஏற்றம் கண்டவர். எமில் ஜானிங்ஸ் சிறந்த நடிகருக்கான முதல் ஆஸ்கார் விருதைப் பெற்றவர். அவருடைய ஜெர்மன் உச்சரிப்புக்குப் பேசும் ஹாலிவுட்டில் இடம் இல்லாமல் ஜெர்மனிக்குத் திரும்பினார். மேரி ஃபில்பின் 1925-இல் ‘தி பேண்டம் ஆஃப் தி ஆப்பெரா’ படத்தின் கதாநாயகி. பேசும் படம் பரவிய நேரத்தில் திரையை விட்டே விலகிவிட்டார். ஒருவர் அந்த மாற்றத்தில் மேலே போனவர், ஒருவர் ஊர் திரும்பியவர், ஒருவர் ஒதுங்கியவர். இந்தப் பெயர்களைத் தற்செயலாகப் பொறுக்கியிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கைவேலை

மாடினின் கருவிகள் எளிமையானவை. லென்ஸின் ஓரங்களில் வாஸ்லின் தடவி, நடுவில் தெளிவும் சுற்றிலும் கலங்கலுமாக ஒரு பிம்பம். காட்சி தொடங்கும்போது வட்டமாகத் திறந்து, முடியும்போது வட்டமாக மூடும் கேமரா உத்தி (இதற்கும் ‘ஐரிஸ்’ என்றுதான் பெயர்). பெரிய நிழல்கள், அரங்கின் போதாமையை அவை மறைத்துவிடும். போலிப் பனி. குரலைப் பிறகு டப்பிங்கில் சேர்த்து, உதட்டோடு சரியாகப் பொருந்தாமல் விடுவது. ஒலித்தடத்தில் தேய்ந்த தட்டின் கரகரப்பு.

பணம் இல்லாத இடத்தில் இந்தப் பாணி எவ்வளவு உதவும் என்பது சுயாதீனப் படம் எடுப்பவர்களுக்கு உடனே புரியும். வடக்கு ரஷ்யாவின் போர்க்களத்தை ரஷ்யாவுக்கே போகாமல் வினிபெக்கின் உள்ளரங்குகளில் கட்டியிருக்கிறார்கள். ஓர் அட்டைக் கோபுரத்தின் முன்னால் புகையை விட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கைப் போட்டால் அது ஒரு ஊர். தெளிவான வண்ணப் படத்தில் இதே அரங்கு ஐந்து நொடிகூடத் தாங்காது.

ஆனால் இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மௌனப் படங்கள் வெளியான நாளில் இப்படி மங்கலாகவும் கீறலாகவும் இருக்கவில்லை. நைட்ரேட் சுருளில் அச்சிட்ட நல்ல பிரதி பளிச்சென்று, ஆழமான கருப்போடும் மின்னும் வெள்ளையோடும் இருக்கும். பல படங்களுக்கு வண்ணச் சாயம் ஏற்றியிருப்பார்கள். நாம் ‘பழைய படத் தோற்றம்’ என்று பழகியிருப்பது, பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று எடுத்து எடுத்துத் தேய்ந்துபோன ஒன்றை. நைட்ரேட் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே சிதையும். வேண்டாம் என்று தூக்கிப் போட்டவையும் ஏராளம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறக்குறைய 11,000 முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதம்தான் முதலில் வெளியான வடிவத்திலேயே எஞ்சியிருக்கின்றன.

எனவே மாடின் போலி செய்வது 1929-இன் படத்தை அல்ல. 1929-இன் படத்துக்கு அதற்குப் பிறகு நேர்ந்த கதியைப் போலி செய்கிறார். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் கலங்கல் எனக்கு அர்த்தமாயிற்று. வெரோங்காவின் முகத்தைச் சுற்றிப் படரும் மங்கல், போல்ஸின் நினைவில் ஐரிஸுக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறதோ அதுதான். ஓரங்கள் தேய்ந்து, நடுவில் ஒரு முகம் மட்டும் மிஞ்சி, கடைசியில் அதுவும் யாருடைய முகம் என்று தெரியாமல் போகிறது.

இங்கே ‘தி ஆர்ட்டிஸ்ட்’ (2011) படத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கார் விருதுகள் பெற்ற மௌனப் படம் அது. பழைய காலத்துச் சதுரத்தை ஒட்டிய திரை அளவை வைத்துக்கொண்டார்கள். நொடிக்கு 22 பிரேம் வேகத்தில் எடுத்து, அசைவில் அந்தக் காலத்துத் துடிப்பைக் கொண்டுவந்தார்கள். வண்ணச் சுருளில் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கினார்கள். மிகச் சுத்தமான வேலை, அன்பான படம். ஆனால் அது பழைய படங்களை மீண்டும் புதிதாக்கித் தருகிறது. ‘ஆர்க்கேஞ்சல்’ அவை தொலைந்ததையே பொருளாக எடுத்துக்கொள்கிறது. எனக்கு இரண்டாவதுதான் கடினமான, அதிகத் துணிச்சல் தேவைப்படும் வேலையாகத் தெரிகிறது.

போரும் போலியும்

போர்க்காலக் கதைக்கு இந்தப் பாணி பொருந்துவதற்கு இன்னொரு காரணம், போர்ப் படம் பிறந்ததே பாதி நிஜம் பாதி நடிப்பாக என்பது. 1916 ஆகஸ்டில், சோம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ‘தி பேட்டில் ஆஃப் தி சோம்’ என்ற அரசுச் சார்புப் படம் பிரிட்டனில் வெளியானது. எடுத்தவர்கள் ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டவல் என்ற இரண்டு ஒளிப்பதிவாளர்கள். ஆறு வாரங்களுக்குள் ஏறக்குறைய 2 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றன. அந்தப் படத்தில் மக்களை உலுக்கிய காட்சி, வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலே ஏறி முன்னேறுவதும் சிலர் அங்கேயே விழுவதும். அது போர்முனைக்குப் பின்னால் ஒரு பயிற்சிப் பள்ளியில் நடிக்கவைத்து எடுத்தது. அன்றைய கேமரா கனமானது, முக்காலியில் நிற்க வேண்டும், கையால் சுழற்ற வேண்டும். உண்மையான பாய்ச்சலை அருகிலிருந்து எடுக்க நின்றால் எடுப்பவர் பிழைத்திருக்க மாட்டார். படத்தில் வரும் காயம்பட்டவர்களும் இறந்தவர்களும் நிஜம். நடித்த மரணமும் நிஜ மரணமும் ஒரே சுருளில் ஒட்டப்பட்டிருந்தன. தன் மகனைத் தேடித் திரையைப் பார்த்த தாய்க்கு எது எது என்று பிரித்தறிய வழியே இல்லை.

‘ஆர்க்கேஞ்சல்’ படத்தில் ஊர் மக்கள் மேடை ஏறி, போர்க் காட்சிகளில் அசையாத சிலைகளாக நின்று காட்டும் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வெளியே நிஜப் போர். உள்ளே போரின் அலங்காரக் காட்சி. எடுத்த விதத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை: அதே புகை, அதே அட்டை மதில், அதே பக்கவாட்டு விளக்கு. மாடின் வேண்டுமென்றே பிரித்துக் காட்டவில்லை என்று நினைக்கிறேன். 1916-இன் பார்வையாளர் நின்ற இடத்தில் நம்மையும் நிறுத்துகிறார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

குறைகள்

முதல் குறை, பின்தொடர்வது கஷ்டம். யார் யாரை யாராக நினைக்கிறார்கள் என்பது முதல் பார்வையில் கைக்குள் நிற்காது. கதாபாத்திரங்களுக்கு நினைவு தவறுவது சரி, பார்ப்பவருக்கும் கதை தவறிப்போனால் வெரோங்காவின் துக்கம் யாரையும் தொடாது. அவளுக்கு நினைவு தடுமாறும் பகுதியில் இன்னும் இரண்டு நெருக்கக் காட்சிகள் இருந்திருக்கலாம்.

இரண்டாவது கொஞ்சம் கனமானது. முதல் உலகப் போர்க் காலப் பிரசாரப் படங்கள் எதிரியை மிருகமாகக் காட்டின. இந்தப் படமும் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது: போல்ஷவிக்குகள் இங்கே முகமற்ற, மயிர் அடர்ந்த பூதங்கள். பாணியைப் பின்பற்றும்போது அந்தப் பாணிக்குள் இருந்த வெறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. மிகைப்படுத்தலே விமர்சனம் என்று வாதிடலாம், நானும் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஊரும் அதைச் சுற்றிய கிராமங்களும் ரஷ்யர்களுடையவை. துவினாக் கரையில் வீடுகள் எரிந்தது அவர்களுக்கு. படத்தில் அவர்கள் ஒரு கனடியனின் சோகத்துக்குப் பின்னணியாகவே நின்றுவிடுகிறார்கள். பழைய வடிவத்தைக் கையில் எடுப்பவர், அதில் எதைத் திருப்பிச் சொல்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்று ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். இந்த இடத்தில் மாடின் முடிவெடுக்கவில்லை, வடிவத்தின் போக்கிலேயே போயிருக்கிறார்.

அமெரிக்கத் தேசியத் திரைப்பட விமர்சகர் சங்கம் 1991-ஆம் ஆண்டின் சிறந்த சோதனைப் படமாக இதைத் தேர்ந்தெடுத்தது. மாடின் அடுத்து 1992-இல் ‘கேர்ஃபுல்’ படத்தில் பழைய வண்ணப் படங்களின் சாயத்துக்குப் போனார். 2000-இல் டொராண்டோ திரைப்பட விழாவுக்காக எடுத்த ஆறு நிமிடக் குறும்படத்தில் சோவியத் மௌனப் படத்தின் வெட்டு வேகத்தைப் பிடித்தார். கைத்திறனில் அவை இரண்டும் ‘ஆர்க்கேஞ்சல்’ படத்தை மிஞ்சியவை. குறிப்பாக அந்தக் குறும்படத்தின் படத்தொகுப்பை இன்றைக்கும் மாணவர்கள் ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் எடுத்த கதைக்கும் எடுத்த விதத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லாத படம் என்று கேட்டால், துல்காஸின் குளிரையும் தேய்ந்த சுருளின் மங்கலையும் ஒன்றாகச் சேர்த்த இந்த 1990 படத்தைத்தான் முதலில் சொல்வேன்.